மூன்று புள்ளி

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோட்டில்
செல்போன் கடைக்கு மேலே என் கடை.
ஏறி வருகிறவர்களில் பாதிப்பேர்
எழுத வருவதில்லை, மறைக்க வருகிறார்கள்.
போன வருஷத்துப் பெயரின் மேல் ஓர் இறகு,
அதற்கு முந்தின பெயரின் மேல் ஒரு சிங்கம்.
உற்றுப் பார்த்தால்
சிங்கத்தின் பிடரிக்குள் இன்னும் மூச்சு விடுவாள்
யாரோ ஒரு சுபாஷிணி.

கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்
திம்மராயன்.
ஜெகதேவிப் பக்கம் கருங்கல் குவாரியில் டிரில் பிடிப்பவர்,
இமை மயிரிலும் கல்மாவு.
முன்கையைத் திருப்பிக் காட்டினார்:

நஞசமமாள

முப்பத்தாறு வருஷத்துப் பச்சை.
ஓரமெல்லாம் கசிந்து, கோடு தடித்து,
ச எது ம எது என்று தோலுக்கே சந்தேகம்.

காவேரிப்பட்டணம் மயானக்கொள்ளையில்
கார் பேட்டரி வைத்துக் குத்தினானாம் ஒருத்தன்.
எழுத்துக்கு ரெண்டு ரூபாய், ஆறெழுத்து.
புள்ளியெல்லாம் கடைசியில்தான் வைப்பானாம்.
ஆறாவது எழுத்தோடு பேட்டரி இறங்கிவிட,
'புள்ளிக்கு நாளைக்கு வா' என்றிருக்கிறான்.
நாளைக்கு அவன் வேறு ஊர்த் திருவிழாவில்.
என்ன விட்டுப்போனது என்று
குத்தியவனுக்குத் தெரியும்.
குத்திக்கொண்டவருக்குத் தெரியாது,
பெயருக்கு உரியவளுக்கும் தெரியாது.

'இப்ப அவ ராத்திரி கிளாசுக்குப் போறா.
போன வாரம் கையப் புடிச்சு எழுத்துக்கூட்டிப் பாத்தா.
இது நான் இல்லன்னுட்டா.'

ஒரு புள்ளி வைத்தாலும்
ஊசி புதுசு, கையுறை புதுசு, ஐநூறு ரூபாய் என்றேன்.
'மூணு புள்ளிக்கு ஐநூறா?
தம்பி, எனக்குக் காது குத்தியாச்சு.'
குத்தித்தான் இருந்தது.
இரண்டு மடலிலும் தூர்ந்துபோன துளை.
மடலில் குத்திக்கொள்ள இப்போது யார் ஏறி வருகிறார்கள்?
குருத்தெலும்பில், புருவ ஓரத்தில், தொப்புளில்,
மூக்கின் நடுச்சுவரில்.
மாமன் மடி கிடையாது. வீடியோ எடுக்க ஒரு சிநேகிதி.

சோபாவில் காத்திருந்த யோகலட்சுமிக்கு
நடுச்சுவரில்தான் வளையம்.
ஓசூர் கம்பெனி கேட்டில் மெஷின் கத்தும் என்பதால்
ஷிஃப்டுக்கு முன் கழற்றிச்
சில்லறையோடு போட்டுவைப்பாள்.
இன்று அவளுக்கு மணிக்கட்டில் ஓர் அரைப்புள்ளி.
ஏன் என்று நான் கேட்பதில்லை.
அங்கே முன்பே இருக்கிற வெள்ளைக் கோடுகளை
எண்ணுவதும் இல்லை.

'அதென்ன பாப்பா?'
'அரைப்புள்ளி.'
'அப்ப அரை விலையா?'
வந்ததிலிருந்து முதல்தடவையாகச் சிரித்தாள்.
'முடிச்சிருக்கலாம், ஆனா முடிக்கலன்னு அர்த்தம்ண்ணா.'

திம்மராயன் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார்.
'பாறை மேல நாங்களும் வரிசையா புள்ளி போடுவோம்.
எல்லாம் நேரா வுழுந்தா கல்லு பிளந்துக்கும்.
நீங்க போட்டா ஒட்டிக்குமா?'

யாரிடமும் பதில் இல்லை.
மெஷினைப் போட்டேன்.

ஞ மேல் ஒன்று.
ம மேல் ஒன்று, முதல் ம மேல், சரிபார்த்து.
ள மேல் ஒன்று.
தாடையில் மூன்று புள்ளி குத்தினால்
அதுவே முழு வேலை என்றிருந்த காலம் உண்டு.
என் ஆல்பத்தில் நானூறு படம்,
அதில் புள்ளிக்கென்று ஒரு பக்கம் இல்லை.
இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.
ஐநூறில் முந்நூறைத் திருப்பிக் கொடுத்தேன்,
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார்.

'கறுப்பா இருக்கே, பச்சையா இல்லியே?'
'அன்னிக்கும் மை கறுப்புதாங்க.
பச்சையாக்கினது உங்க தோல்.'

படியிறங்கும் சத்தம்.
செல்போன் கடைப் பாட்டுக்கு நடுவே
கீழே யாரோ ஒரு பெண்குரல்
விரல் வைத்துப் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி:
ந
ஞ்
ச
ஓசூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது.
மீதி கேட்கவில்லை.

நான் ஊசியை மாற்றிக்கொண்டு
'கையை நீட்டும்மா' என்றேன்;