ஒழுகும் பந்தல்

மூங்கிலை இறக்கிவிட்டு ஒச்சப்பன் கேட்டார்:
"கல்யாணமா, காதுகுத்தா, கேதமா?"
எதுவும் இல்லை என்றேன்.
"பெறகு எதுக்கும்மா மொட்டமாடில பந்தலு?"

ஏழு நாள் குடியிருக்க.

கீழே கதவில் என் பெயரைப் பார்த்திருப்பார்: டாக்டர் சிம்ஹா.
நரிமேட்டில் எல்லாருக்கும் அது சிங்கம்.
எபிரேயத்தில் மகிழ்ச்சி.
நான் திருத்துவதில்லை.
சிங்கம் என்றால் நோயாளிகள்
கண்ணை அசைக்காமல் படுத்திருக்கிறார்கள்.

"நிழல் வேணும், ஆனா அடைச்சிரக் கூடாது.
ராத்திரி படுத்தா நட்சத்திரம் தெரியணும்."
"மழை வந்தா?"
"ஒழுகணும்."
"முப்பது வருசமா பந்தல் போடுறேன்,
ஒழுகணும்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

பகலெல்லாம் பிறர் கண்ணில் புரை எடுக்கிறவள்
கூரைக்குப் புரை கேட்டேன்.

நான் பக்திமான் இல்லை.
சனிக்கிழமையும் அறுவை செய்கிறேன்.
போன வாரம், பெரிய நோன்பன்று,
பதினோரு மணிக்குக் காபி குடித்துவிட்டேன்.
கடவுளைப் பற்றி யாராவது கேட்டால்
மழையைப் பற்றிப் பேசுகிறேன்.
இந்த ஒரு பண்டிகையை மட்டும் விட முடியவில்லை.
இதில்தான் அந்த விசித்திரக் கட்டளை இருக்கிறது:
மகிழ்ந்திரு.
திருடாதே என்றால் கையைக் கட்டிக்கொள்ளலாம்.
இதற்கு எதைக் கட்டுவது?

மாட்டுத்தாவணியில் காம்பு உடையாத நாரத்தை தேடினேன்.
"ஊறுகாய்க்கா?"
"முகர்ந்து பார்க்க."
குருத்தோலை கேட்டதற்கு
"அந்த ஞாயிறு பங்குனியிலல்லவா" என்றாள் பூக்காரி.
நறுமணச் செடியின் கிளை ஒன்று வேண்டும், இங்கே கிடைக்காது.
கறிவேப்பிலை வைத்துக் கட்டினேன்.
சட்டப்படி செல்லாது.

அஷ்டோதிலிருந்து தங்கை ரீமா படம் அனுப்பினாள்:
பால்கனியில் அவள் குடில், காகிதச் சங்கிலி,
பின்னால் பாதுகாப்பறையின் இரும்புக் கதவு.
சங்கு ஊதினால் நாற்பத்தைந்து வினாடி.
ஓலைக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவே
சோற்றுத் தட்டோடு நடந்து பழகிவிட்டாளாம்.
எது வீடு என்று அவள் கேட்கவில்லை.
நானும்.

ஏ.வி. பாலத்தின் அடியில் நீலத் தார்ப்பாய் ஒன்று.
அதில் ஒரு குடும்பம், ஓர் அடுப்பு, கட்டிவைத்த ஆடு.
தினமும் ஸ்கூட்டரில் கடக்கிறேன்.
நாங்கள் எட்டாம் நாள் பந்தலைப் பிரித்துவிடுவோம்.
அவர்கள் பண்டிகைக்கு எட்டாம் நாள் கிடையாது.
இது தெரிந்தும் மாடியில்
சீரியல் பல்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் இரவு ஆபிரகாமை அழைக்க வேண்டும்.
அவருக்கு ஒரு நாற்காலி.
மெதுவாகத்தான் அழைத்தேன்,
பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

ஒச்சப்பன் வந்தார்.
பாக்கி எண்ணூறு ரூபாய்க்கு.

அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார், வேறு இல்லை.
இடியாப்பம் வைத்தேன், மீன் குழம்பு ஊற்றினேன்.
அண்ணாந்தார். மட்டைகளின் நடுவே
பௌர்ணமி துண்டு துண்டாக.
"ரோட்டை அகலப்படுத்த எங்க வீட்டை இடிச்சப்ப
நாலு மாசம் சொந்தப் பந்தல்லதான் கெடந்தோம்.
அப்ப மேல பாக்கத் தோணலை."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

தூறல் விழுந்தது.
மழையில் சோறு கெட்டால் எழுந்து போகலாம்,
அதுவும் சட்டம்தான். எழுந்தேன்.
"இருங்கம்மா, நின்னுரும்" என்றார்
தட்டை உள்ளங்கையால் மூடியபடி.
இருந்தேன். முதுகு நனைந்தது.
ஈர ஓலையும் நாரத்தையும் ஒன்றாக மணத்தன.
ஏனோ சிரிப்பு வந்தது,
யார் கட்டளையும் இல்லாமல்.

போகும்போது கிழக்குக் கால் ஆடுகிறது என்றார்.
ஆடட்டும், இது ஆடுகிற வீடுதான் என்றேன்.
"அதெப்படி?"
குனிந்து கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

எண்ணூறை மறந்துவிட்டார்.
நாளை ஈசாக்கின் முறை.
நாற்காலியை எடுக்கவில்லை.