ஒன்பதாம் சுற்று

கடை சாத்தியாயிற்று.
வெட்டுமேசையில் பொத்தான் டப்பாவைக் கவிழ்க்கிறேன்.
உள்வட்டத்துக்குக் கறுப்பு பதினாறு,
வெளிவட்டத்துக்கு வெள்ளை பதினாறு.
சனிக்கிழமை, வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்குப் பின்னால்
நெல்லுக் களத்தில் கும்மி.
விசிலூதி அடவு சொல்லப்போவது நான்.

முதலாட்டத்தில் எட்டுத் தட்டு, வேறெதுவும் வேண்டாம்.
கொழிஞ்சாம்பாறை பஸ் எப்படியும் பிந்தும்.
இறங்கி வருகிறவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு
நடுவில் புகுந்துகொள்ள முடிய வேண்டும்.

அடுத்தது வரிசை ஆட்டம்.
இங்கே இடப்பக்கம் என்றால் பாதிப்பேர் நகர்வார்கள்,
இடத்தோட்டு என்றால் மீதிப்பேர்.
இரண்டுக்கும் நடுவே பத்துப்பேர்
அடுத்தவள் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.
அதனால் எழுதுகிறேன்:
கள்ளுக்கடைப் பக்கம் நாலடி,
கனால் பக்கம் நாலடி.
அதில் எந்தப் பாஷைக்கும் சந்தேகம் வராது.

அளவு நோட்டைப் புரட்டுகிறேன்.
ருக்மணிக்கு வலது தோள் ஏறவில்லை;
கைக்குழி அளவெடுக்கும்போது பல்லைக் கடித்தாள்.
தலைக்குமேல் தட்டும் அடவை அடித்துவிட்டேன்.
பிரஷீதா இந்த மாதம் இரண்டு தடவை
இடுப்பைப் பிரித்துவிடச் சொன்னாள்.
காரணம் அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
குதித்து உட்காரும் ஆட்டத்துக்கு முன்னால்
தண்ணி ஊத்த ஆளில்லை, நீ வா என்று
குடத்தடிக்குக் கூப்பிட்டுவிடலாம்.

அதற்குப் பிறகு இளைப்பாற வேண்டும்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்நேரத்துக்கு வரும்.
வராவிட்டாலும் சேலைத் தலைப்பு இருக்கிறது.

இனி வட்டக் கும்மி.
உள்வட்டம் நின்ற இடத்தில் நிற்கும்.
வெளிவட்டம் சுற்றுக்கு ஓரிடம் தள்ளிப்போகும்.
சிவப்புப் பொத்தான் மயிலாத்தாள், உள்ளே.
ஓட்டை உடைந்தது ஷீபா, வெளியே.
ஒரு சீட்டு. நாற்பதாயிரம். இரண்டு வருஷம்.
ஒருத்தி ரவிக்கை வாங்க உள்ளே இருந்தால்
மற்றவள் ரோட்டில், வெயிலில் நிற்பாள்.
அவளோடு ஒரே வட்டத்தில் நிற்க மாட்டேன் என்று
இருவருமே தனித்தனியாக வந்து சொன்னார்கள்.
ஒரே வட்டத்தில் நின்றால்தான்
எதிரெதிரே வரவே வேண்டியிருக்காது என்று
நான் சொல்லவில்லை.

வெள்ளையை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறேன்.
ஏழு, எட்டு.
ஒன்பதில் சிவப்புக்கு நேரே ஓட்டை உடைந்தது.
கை தட்ட வேண்டும். தட்டின கையை நீட்ட வேண்டும்.
நோட்டில் எழுதுகிறேன்: எட்டில் விசில்.
பேனாவைத் திருகி மூடுகிறேன்.
கொசு கடித்த காலைச் சொறிந்துகொள்கிறேன்.
நாற்பதாயிரம் என்னுடையதில்லை என்பது நினைவுக்கு வருகிறது.

அப்போது போன்.
கண்ணம்மணியின் நாத்தனாளும் வருகிறாளாம், கோபாலபுரத்திலிருந்து.
முப்பத்து மூன்று.
ஒருத்தி ஜோடியில்லாமல் காற்றைத் தட்டக் கூடாது.
அப்படியென்றால் நானும் இறங்க வேண்டும்.
இறங்கிவிட்டால் பார்ப்பதற்கு
எதிரே ஒரு முகம் மட்டும்தான்.
யார் எங்கே வந்து நிற்கிறார்கள்
என்பது என் தோளுக்குப் பின்னால் நடக்கும்.

டப்பாவைத் துழாவுகிறேன்.
வெள்ளை தீர்ந்துவிட்டது.
ஸ்கூல் யூனிஃபார்மில் மிஞ்சிய நீலம் ஒன்று
கிடைக்கிறது. அது நான்.
நாத்தனாளுக்கு ஒரு கறுப்பு.
இரண்டு வட்டத்திலும் இடம் விட்டுச் செருகியதில்
எல்லாம் ஒரு விரற்கடை நகர்ந்துபோனது.
மறுபடி எண்ணவில்லை.

ஜமாப் மருதாசலம் பத்து மணிக்குக் கூப்பிட்டார்.
'வட்டக்கும்மி எத்தனை சுத்துங்க?'
உங்க கை வலிக்கிற வரைக்கும் என்றேன்.
'எனக்கு வலிக்காதுங்களே' என்றார்.

எட்டில் விசில் என்பதை அடித்துவிட்டு
அதன் கீழே எழுதினேன்:
சுண்டல், முப்பத்து நாலு பொட்டலம்.
மருதாசலம் செட்டுக்கு வேறு.