முப்பத்தெட்டு யூரோ

ட்ராபானியில் பேருந்து ஏறும்போது
மூவரும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.
விஸ்மாவுக்கு மூக்கு உரிந்திருந்தது.
சோல்வீதா ஜாடி நிறையக் கல்லுப்பு வாங்கியிருந்தாள்.
நான் ஆறு ஆரஞ்சுகளைக் காலுறைகளுக்குள் திணித்து
பெட்டிமேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தேன்.

பலெர்மோவில் விமானம் நாலு மணி நேரம் தாமதம்.
முதல் மணி நேரம் சிரித்தோம்.
இரண்டாவதில் விஸ்மா கணக்கைத் திறந்தாள்:
படகுக்கு யார் கொடுத்தது,
மீன்கடையில் யார் கேட்டது அந்த இரண்டாவது வைன்,
மழையன்று டாக்ஸி.
நர்சிங் விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள்,
ஒருத்தி காலணியை ஒருத்தி போட்டுத் திரிந்தவர்கள்,
முப்பது வருடம் கழித்து
ரசீதுகளை மேசையில் பரப்பி
படிக்கக் கண்ணாடி தேடினோம்.
நான் முப்பத்தெட்டு யூரோ தரவேண்டும் என்று வந்தது.
தருகிறேன் என்றேன்.
சொன்ன விதம் சரியில்லை. எனக்கே கேட்டது.

வார்சாவில் அடுத்த விமானம் காத்திருக்கவில்லை.
யாரும் நீட்டிப் படுத்துவிடக் கூடாதென்று
யோசித்து யோசித்துச் செய்த நாற்காலிகளில்
இரவைக் கழித்தோம்.
தரை துடைக்கும் வண்டி
எங்கள் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தது.
சோல்வீதா வாய் திறந்து தூங்கினாள்.
இரவுப்பணிப் பழக்கம், அவள் மூச்சை எண்ணினேன்.
நிமிடத்துக்குப் பதினான்கு. நல்ல மூச்சு.
விஸ்மா விழித்திருந்தாள்.
நான் விழித்திருப்பது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் மதியம் ரீகாவில் பனி
பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
லியெபாயாவுக்கு ஒரு மேடை, வால்மியெராவுக்கு ஒன்று,
ரேஸெக்னேவுக்கு எதிர்க்கோடியில்.
ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.
கட்டிப்பிடிக்க நேரமில்லை என்பது உண்மை,
முழு உண்மையில்லை.
விஸ்மா திரும்பிப் பார்க்கவில்லை;
பார்த்திருந்தால் அப்போது நான்
பெட்டியை வண்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்திருப்பேன்.

நாலு மணி நேரம். பிர்ச் மரம், பிர்ச் மரம்,
பெட்ரோல் பங்கு, மறுபடி பிர்ச்.
கணுக்கால் வீங்கியிருந்தது.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
குழி நெடுநேரம் அப்படியே இருந்தது.
கடலில் மிதந்த கால்களா இவை?
முன்னிருக்கைக்காரர் பூண்டு ரொட்டி தின்றார்,
பொறாமையாக இருந்தது.

மூன்றாவது மாடி, என் கதவு.
கைப்பையில் சாவி இல்லை.
கோட்டில் இல்லை, இன்னொரு கோட்டில் இல்லை.
படிக்கட்டிலேயே பெட்டியைத் திறந்து
மணல் உதிர உதிர எல்லாவற்றையும் வெளியே எடுத்தபின்
ஞாபகம் வந்தது:
நீந்தப் போகும்முன்
"இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்று
விஸ்மாவிடம் கொடுத்தேன்.

கீழே பனி வாரிக்கொண்டிருந்த எவால்ட்ஸ்
சத்தம் கேட்டு ஏறி வந்தார்.
என் உள்ளாடைகளைப் பார்க்காமல் பார்த்து
"அங்கே வெயிலா?" என்றார்.
"வெயில்தான்."
காலுறையிலிருந்து ஓர் ஆரஞ்சை உருவிக் கொடுத்தேன்.
கையுறையைக் கழற்றி, தோலைப் பிய்த்து,
படியில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல்
ஒவ்வொரு சுளையாகத் தின்று முடித்தார்.
"துளைபோடும் மிஷின் எடுத்து வரேன்,
பத்து நிமிஷம். பூட்டு போயிடும், பரவாயில்லையா?"

அப்போதுதான் செல்பேசி அதிர்ந்தது.
உன் சாவி என் ஈர நீச்சலுடைக்குள் இருக்கிறது, மடச்சி.
காலைப் பேருந்தில் ஓட்டுநரிடம் கொடுத்துவிடுகிறேன்.
முப்பத்தெட்டை மறக்காதே.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று:
இங்கே வீடு ஒரே அமைதி.

எவால்ட்ஸ் மிஷினோடு வந்து நின்றார்.
வேண்டாம் என்றேன்.
நாளைக்கு வந்துவிடும்.
"அதுவரைக்கும்?"
பாய்லர் அறையில் கட்டில் இருக்குமே, என்றேன்.
அவர் என்னைப் பார்த்தார்,
பெட்டியைப் பார்த்தார்,
பிறகு அதன் கைப்பிடியைப் பிடித்தார்.
ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான்,
மூடாத பெட்டியை
மணல் வழிய வழிய
மறுபடி மூன்று மாடி கீழே இறக்கினோம்.