விலைப்புள்ளி

ஈசூனில் ஒரு பள்ளியின் பின்புறம்,
காலை ஏழே கால்.
இரவு மழை இன்னும் இறங்காமல்
கோல் கம்பத்தின் காலடியில் நிற்கிறது.
வடிகால் அடைத்திருக்கிறது என்கிறார் ரோஸ்லான்.
அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.
சின்ன வண்டியின் பின்னால் தூரிகையைக் கட்டி
எட்டு ஆண்டுகளாக இந்தப் பச்சைக்குத்
தலை வாரிவிடுகிறவர்.

நான் விலை சொல்ல வந்தவள்.
கையில் அளவுச் சக்கரம்,
காதில் பென்சில்.

முளைக்கத் தெரியாத புல்லுக்கு
இத்தனை வியாதி.
தையல் பிரிந்தது பதினோரு மீட்டர்.
நடுவட்டத்தில் இழைகள்
எண்ணெய் வைத்ததுபோல் படிந்துவிட்டன.
இடையில் நிரப்பிய கறுப்பு ரப்பர்த் துகள்
பிள்ளைகளின் காலுறைகளில் ஏறி
புளோக் புளோக்காக வீட்டுக்குப் போய்விட்டது;
இந்த வட்டாரத்துச் சலவை இயந்திரங்களைத் திறந்தால்
பாதி மைதானம் கிடைக்கும்.
மைனா ஒன்று கொத்திப் பார்த்துவிட்டு
என்னை முறைக்கிறது
நான்தான் ஏமாற்றினேன் என்பதுபோல்.

மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்குப் பின்னால் மட்டும்
விரித்த நாளின் மினுக்கம்.
யாரும் ஓடாத இடத்துக்குச்
செலவே இல்லை.

உத்தரவாதம் எட்டு ஆண்டு.
முடிந்து ஏழு வாரம்.
படிவம் கேட்கிறது: சேதத்துக்குக் காரணம்?
கட்டம் இரண்டுதான்.
கவனக்குறைவு. அளவுமீறிய பயன்பாடு.
விளையாடினார்கள் என்று எழுத
இடம் விடவில்லை.

பெனால்டிப் புள்ளியைத் தேடினேன்.
வெள்ளை வட்டம் இருந்த இடத்தில்
அடித்துணி தெரிந்தது, முழங்கால் கிழிந்த
பள்ளிக் காற்சட்டை போல.
எத்தனை பேர் அங்கே நின்று
மூச்சை இழுத்து விட்டிருப்பார்கள்.
அரை சதுர மீட்டர் என்று குறித்துக்கொண்டேன்.

கோல்முகத்தில் இரண்டு பள்ளம்,
ஒரு தோள் அகலம் விட்டு.
குனிந்து ஆழம் பார்க்கும்போது
கையுறை மாட்டிய ஒரு சிறுமி வந்து நின்றாள்.
தன்ஷிகா. இரண்டாம் உயர்நிலை. கோல்காப்பாளர்.
“ஆன்ட்டி, இதையும் அடைச்சிருவீங்களா?”
அடைக்காமல்?
“பந்து வர்றப்ப பின்னாடி திரும்பிப் பாக்க முடியாதுல்ல.
கால் இங்க இருந்தா, நடுவுல நிக்கிறேன்னு அர்த்தம்.”
சொல்லிக்கொண்டே உள்ளே இறங்கி நின்றாள்.
அவள் பாதத்துக்குப் பள்ளம் பெரிது.
அவளுக்கு முன்பு நின்றவர்களும்
கொஞ்சம் கொஞ்சம் தோண்டியது அது.

அன்றிரவு வரிசை எண் ஏழில்
வெகுநேரம் நின்றேன்.
விட்டுவிடலாம்.
யாராவது முழங்காலைத் திருகிக்கொண்டால்
யார் பதில் சொல்வது?
கோல்முகம், பள்ளம் இரண்டு,
வெட்டி ஒட்டி நிரப்ப: ஆயிரத்து எண்ணூற்று அறுபது வெள்ளி.
இரவு வேலை, ஷொஃபிகுலோடு நான்கு பேர்.
பசை காய ஆறு மணி நேரம்.
மழை பெய்தால் முதலிலிருந்து.
மொத்தம் முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
பொருள் சேவை வரி தனி.

வேலை எங்களுக்குக் கிடைக்கவில்லை.
இருநூற்றுப் பத்து வெள்ளி குறைவாக
வேறொருவர் எழுதியிருந்தார்.
வருத்தமா என்று மேலாளர் கேட்டார்.
இல்லை என்றேன். கொஞ்சம் இருந்தது.

மூன்று மாதம் கழித்து, ஒரு சாயங்காலம்,
பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து பார்த்தேன்.
விளக்கொளியில் மைதானம் ஒரே பச்சை,
இஸ்திரி போட்டதுபோல்.
ஆட்டம் அந்தக் கோடியில் நடந்தது.
இந்தக் கோடியில் அவள் தனியாக
வலது கம்பத்தைத் திரும்பிப் பார்த்தாள்.
இடது கம்பத்தைப் பார்த்தாள்.
ஓரடி நகர்ந்தாள், அரையடி திரும்பி வந்தாள்.
பிறகு குதிகாலை ஊன்றித்
தேய்க்க ஆரம்பித்தாள்.

விளக்கு மாறி பஸ் நகர்ந்தது.
வாரம் மூன்று பயிற்சி, ஒரு குதிகால்,
விடுமுறை நீங்கலாக
எத்தனை ஆண்டு ஆகும் என்று
காத்திப் வரும்வரை
கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.