ஆறெழுத்து

வேட்பாளர் ஏழு விநாடி பேசாமல் நின்றார்.
ஈசூன் திடலில் மழை விட்டிருந்தது.
புல் நொதநொதவென்று
செருப்புகளைப் பிடித்து இழுத்த இரவு.
கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்:
மூன்று மாதமாய் எங்கள் புளோக்கில்
மின்தூக்கி ஏன் ஓடவில்லை?
ஏழு விநாடி.
பிறகு பதில் சொன்னார். மோசமான பதில் இல்லை.

நசீமா பதிவை அனுப்பியிருந்தாள்.
மூன்று முறை கேட்டேன்.
ஒரு தவளை. யாரோ இருமியது.
ஒலிவாங்கியை அவர்
இடக்கைக்கு மாற்றிய உராய்வு.
அதற்குமேல் அந்த மௌனத்தில்
எதுவும் எழுதியிருக்கவில்லை.

எழுத வேண்டியவள் நான்.
மணி பதினொன்று இருபது.
அச்சகம் காத்திருக்கிறது.
‘யோசித்துப் பதிலளித்தார்’ என்று அடித்தேன்.
பன்னிரண்டு எழுத்து,
பாதி, அடுத்த பத்தியின் விளம்பரத்தில் போய் விழுந்தது.
படத்தைச் சுருக்க முடியாது என்றார் வடிவமைப்பாளர்.
அழித்தேன்.
‘தயங்கினார்’.
கச்சிதமாய் உட்கார்ந்தது,
அளவெடுத்துத் தைத்த சட்டைபோல.

காலையில் எங்கள் புளோக்கில்
மின்தூக்கி ஓடிக்கொண்டுதான் இருந்தது.
ஒன்பதாம் மாடியில் கமலாட்சி ஏறினார்,
கையில் பால், கக்கத்தில் பேப்பர்.
“பேயடிச்ச மாதிரி நின்னுட்டானாமே?”
நான் கொடுத்தனுப்பிய ‘ஆர்’
இரவோடிரவாக ‘ஆன்’ ஆகியிருந்தது.
எங்கிருந்தோ ஒரு பேய் வந்திருந்தது.
கடைசியில் ஓர் ‘ஆம்’,
பொறுப்பைக் கழற்றி ஆணியில் மாட்டும் ‘ஆம்’.

“அதனால வேற யாருக்காவது போடுவீங்களா?”
“சேச்சே. நான் போன தேர்தல்லயே முடிவு பண்ணிட்டேன்.
பேப்பர் சும்மா பாக்கறதுதான்.”
தரைத்தளம் வந்தது. கதவு திறந்தது.
சும்மா பார்த்த சொல்
அவரோடு சந்தைக்குப் போயிற்று.

புரோட்டாக் கடை அரங்கண்ணலுக்கோ
அந்தச் சொல்மேல் சந்தேகமே இல்லை,
என்மேல்தான்.
“தயங்கினார்னு போடச் சொல்லி
மேலேர்ந்து வந்துச்சா?”
“மேலேர்ந்து இல்லண்ணே, பக்கத்திலேர்ந்து.
பக்கத்துல இடமில்ல.”
சிரித்தார்.
மாவை விசிறியடித்தபடி,
“சொல்ல மாட்டீங்க, தெரியும்” என்றார்.
தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே யோசித்தேன்:
ஒருவர் என் சொல்லை நம்புகிறார்,
ஆனால் அசையவில்லை.
ஒருவர் நம்பவில்லை,
என்னைப் பார்க்கும் பார்வை மட்டும்
அரையங்குலம் நகர்ந்துவிட்டது.
இதை எந்தக் கருத்துக்கணிப்பில் எழுதுவார்கள்?

மறுநாள் பிரசார ஓய்வு.
எல்லாரும் வாய் மூடியிருக்க வேண்டிய நாள்.
தீவு முழுக்க ஒரு நாள் தயங்கியது,
அதற்கு யாரும் தலைப்புப் போடவில்லை.

வாக்களிப்பு, தொடக்கப்பள்ளி மண்டபத்தில்.
அதிகாரி என் பெயரை உரக்க வாசித்தார்,
தில்லைநாயகி
அவர் வாயில் ஓரெழுத்து குறைந்து வந்தாள்.
அட்டைத் தடுப்புக்குள் நான், சீட்டு, முத்திரைப் பேனா.
எனக்கு யாரென்று முன்பே தெரியும்.
பேனாவை எடுத்தேன்.

அப்போதுதான் வந்தது, கேட்காமலேயே:

‘நிதானித்தார்’.

இடக்கை விரல்களை மடக்கினேன்.
நி. தா. னி. த். தா.
விரல் தீர்ந்துவிட்டது.
பேனா பிடித்த கையிலிருந்து ஒன்று கடன் வாங்கி
ர்.

ஆறு.
அதே ஆறு. அதே இடம். ஒரு மில்லிமீட்டர் கூட வழிந்திருக்காது.
இடமில்லை என்றேனே அரங்கண்ணலிடம்,
பொய் சொல்லவில்லை, உண்மையும் இல்லை.
எனக்குள் எது முன்னால் நின்றதோ
அது வந்தது. அதை யார் நிறுத்தி வைத்தார்கள்?

வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
நான் எத்தனை விநாடி நின்றேன் என்று
எண்ணவில்லை.