மூணாவது கை

"மழை. பத்து வரி" என்று பலகையில் எழுதிவைத்தேன்.
பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தால்
மழை நல்லது.
மழை வானத்திலிருந்து வரும்.
மழைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.
ஏழாவது வரியில் திகழினி தூங்கிப்போயிருந்தாள்.
பேனா மட்டும் ஒரு கோடாக
தாளின் ஓரம்வரை போய்ப் பார்த்திருந்தது.
அந்தக் கோடுதான் நன்றாக இருந்தது.

பள்ளிக்கூடம் வேண்டாம், வீட்டிலேயே படிக்கட்டும்
என்று முடிவெடுத்த அன்றைக்கு
நான் விட்டுவிட்டு வந்ததாக நினைத்தது
சிவப்பு மையாக
என் விரலிடுக்கிலேயே கிடந்திருக்கிறது.

பாண்டியன் நகரில் வாடகை வீடு.
ஆசாரம் முழுக்கப் பனியன் மூட்டை.
எனக்குச் செக்கிங் வேலை. புரட்டிப் பார்த்து
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம்,
அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ள வேண்டும்.
பிழை பார்த்தே சோறு தின்கிற கண்.
அதே கண்ணோடுதான் அவள் நோட்டையும் திறப்பேன்.

வியாழக்கிழமை, கரண்ட் போன நேரம்,
மூட்டையிலிருந்து ஒன்று வந்தது
மூணு கையோடு.
தைத்தவருக்குத் தூக்கக் கலக்கமோ
போனில் யாரோடாவது சண்டையோ,
நடுமுதுகில் ஒரு கை. ஓவர்லாக் அத்தனை சுத்தம்.
அம்புக்குறியைக் கிழித்தேன்.
"இக்கட்ட குடுங்மா" என்று பிடுங்கிக்கொண்டாள்.

"இது யாருக்கு?"
ரிஜெக்ட் அம்மிணி. யாருக்குமில்லை.
"இல்ல. யாரோ அளவு குடுத்துத்தான் தெச்சிருக்காங்க."

அப்புறம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
காலி அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு
அதன்மேல் குப்புறப் படுத்து எழுதினாள்:

முதுகு அரிக்கும் மாமா ஒருவர்
ஒரு கை கூட வேண்டும் என்று கம்பெனிக்கு லெட்டர் போட்டார்.
முதல் நாள் அது சொன்னபடி சொறிந்தது.
ரெண்டாம் நாள் பக்கத்து வீட்டு மறத்தில் ஏறி
நெல்லிக்காய் திருடியது.
மாமாவுக்குத் தெரியாது.
ஏனென்றால் அது பின்னால் இருக்கிறது.

மறத்தில். வல்லின ற.
விரல் அரித்தது.
இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்,
அங்கே அவை என்ன செய்தனவோ தெரியாது.
வாய் மட்டும் தானாகக் கேட்டது:
"திருடின நெல்லிக்காயை யாரு தின்னாங்க?"

தலையைத் தூக்காமலே சொன்னாள்,
"அதுக்கு இன்னொரு பெட்டி வேணும்."

சனிக்கிழமை டெலிவரி.
அடுத்த பெட்டியிலிருந்த நாற்பது பனியனையும்
தரையில் கவிழ்த்தேன்.