மூன்று கால்

அந்த வயலுக்கு ஒரு பெயர் இருக்கிறது.
இங்கே எழுதமாட்டேன்.
லிங்கன்ஷயர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்:
மேடென்று சொல்ல ஒரு மேடில்லாத சீமை,
எங்கு நின்றாலும் ஏதோ ஒரு தேவாலயத்தின் கூம்பு
கண்ணில் குத்தும்.

பிப்ரவரி.
முட்டைக்கோஸ் கொட்டகையில் என் ஷிஃப்ட் ஒன்பதுக்கு.
ஆறுக்கே வந்து குப்புறப் படுத்துவிடுவேன்,
விரல் உயரம்கூட வளராத கோதுமைக்குள்,
வயிற்றுக்கடியில் ஒரு உரச்சாக்கை விரித்து.

இந்த முயல்கள் வளை தோண்டுவதில்லை.
தம் உடம்பளவு ஒரு பள்ளம்,
காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு
மண்கட்டி போலக் கிடக்கும்.
எத்தனையோ மண்கட்டிகளை நான்
மூச்சடக்கிப் படம் எடுத்திருக்கிறேன்.

ஒருநாள் ஒரு மண்கட்டி எழுந்து
சோம்பல் முறித்தது.
கொஞ்சம் நகர்ந்து, நின்று,
என்னைப் பார்க்காததுபோல் பார்த்தது.
ஒரே ஒரு படம்.

பின்னாலிருந்து ஹெட்லைட்.
ரெஜ் எல்விட்ஜ், வயலுக்குச் சொந்தக்காரர்,
வண்டியை விட்டு இறங்காமலே
"நாய் எங்கே?" என்றார்.

இரவில் நாய்களோடு வருவார்கள்.
எந்த நாய் முந்தும் என்று பந்தயம்.
பணம் கைமாறும், முயலை யாரும் எடுப்பதில்லை.
அவர்களுக்காகத்தான் வயல் வாயில்தோறும்
கான்கிரீட் கட்டை.
அவர்களுக்கு உளவு பார்க்கும் ஆள் நான்
என்று நினைத்திருக்கிறார்.

கேமராவை நீட்டினேன்.
கையுறையைப் பல்லால் கழற்றி
ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.
மண்கட்டி. மண்கட்டி. என் கட்டைவிரல்.
பாதிக் காது. மண்கட்டி.
பிறகு அது.

"இவளா?" குரல் இறங்கியது.
"மூணு கால்."

நாலு, என்றேன்.
முன்னங்கால் ஒன்று மற்றதன் பின்னால் மறைந்திருக்கிறது,
கோணம் அப்படி.

மூணு, என்றார்.

நான் பிடித்த படம், எனக்குத் தெரியாதா?

"மூணுதான். போன ஆகஸ்ட்.
அறுவடை இயந்திரம்.
நான்தான் ஓட்டினேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனைப்
பிடிவாதக்காரன் என்கிறோம்.
நாலே கால் என்று நின்றவனை
என்னவென்று சொல்வது?

படத்தை உணவறையில் காட்டினேன்.
காட்டியிருக்கக் கூடாது.
கெஸ்டுடிஸ் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான்.
அவன் ஊரில் சில முயல்கள்
குளிர் வந்தால் வெளுத்துவிடுமாம்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் புதிதாக வந்தவன்
எந்த வயல் என்றான்.
கடலோரம், ரொம்பத் தூரம், என்று
கூசாமல் பொய் சொன்னேன்.
அவன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான்,
முயலை அல்ல.
அதன் பின்னால், மங்கலாக,
பொய் சொல்லத் தெரியாமல் நின்றது
ஒரு கூம்பு.

சனிக்கிழமை கட்டை நகர்ந்திருந்தது.
கோதுமை மேல் சக்கரத் தடம்
எட்டெட்டாகச் சுற்றிச் சுற்றி.
எல்விட்ஜ் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று
இப்போது சொல்வது சுலபம்.

வயலின் இரு கரையிலும் ஆளுக்கொரு பக்கம் நடந்தோம்.
நடுவில் ஒன்று கிடந்தது,
திறந்த கண்ணில் பனி ஏறி.
இருவரும் குனிந்தோம்.
இருவரும் எண்ணினோம், வாய்விடாமல்.
நாலு.

அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.
என்னுடையது அவருக்கும் கேட்டிருக்கும்.
செத்துக் கிடக்கும் ஒன்றின் முன்னால்
அப்படி மூச்சு விடலாமா, தெரியவில்லை.

பத்து நாள் கழித்துக் கடும் உறைபனி.
வாய்க்கால் ஓரத்தில், வெள்ளைப் புல்லில்,
பெரியதாய் இரண்டு, சிறியதாய் ஒன்று.
பெரியதாய் இரண்டு, சிறியதாய் ஒன்று.
கரை ஏறி அந்தப் பக்கம் போயிருந்தது.

மண்டியிட்டேன்.
சட்டகத்தின் மேல் விளிம்பில்
கூம்பின் நுனி தெரிந்தது.
லென்ஸைத் தரையை நோக்கி
இன்னும் கொஞ்சம் சாய்த்தேன்.